இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி

பத்தொன்பது வருடம் மூக்குச் சளி துடைத்த கைக்கு இப்போது சர்டிபிகேட் வேண்டுமாம். பெரிய மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சுற்றறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளை மடித்துக் கப்பல் செய்து அவள் மேசையிலேயே மிதக்க விட்டிருப்பேன். நாலு வயதுப் பிள்ளைகளோடு இருந்து இருந்து, தாளைக் கண்டால் கை அப்படித்தான் போகிறது.

பெரிய மிஸ்தான் எங்கள் மழலையர் பள்ளிக்குத் தலைமை. என்னைவிட ஆறு வயது சின்னவள். பள்ளி என்று பலகையில் இருக்கிறதே தவிர, மொத்தம் நாலு அறை, ஒரு மணல்தொட்டி, முழங்கால் உயரத்தில் வரிசையாக ஆறு கழிப்பறை. அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

"புது விதிக்கா. நாப்பது மணி நேரம் பயிற்சி. கடைசியில வகுப்புக்கே வந்து ஒரு மதிப்பீடு. ரெண்டும் முடிச்சவங்கதான் இனிமே வகுப்பு ஆசிரியை. முடிக்காதவங்க உதவியாளர்."

"உதவியாளர்னா?"

"ஆயாம்மா கூட இருக்கறது."

"நான் ஆயாவா?"

"நான் சொல்லலக்கா. பேப்பர் சொல்லுது."

ஆயா வேலையை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. எங்கள் ஆயாம்மா இல்லையென்றால் அந்தப் பள்ளி அரை நாள் ஓடாது. ஆனால் என் வகுப்பு என் வகுப்புதான். காலையில் கதவருகே நின்று ஒவ்வொரு பிள்ளையையும் அம்மா இடுப்பிலிருந்து பிரித்து வாங்குவது நான். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும், எவனுக்குக் காது வலித்தால் கையைக் கடிப்பான் என்று தெரிந்தவள் நான். அதை நேற்று வந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, நான் ஓரமாக நின்று ஈரத் துணி பிழிய வேண்டுமாம். வயிறு எரியாதா?

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வருடம் என் வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி பேச மாட்டாள். வீட்டில் பேசுவாளாம், அம்மாவிடம் வாய் ஓயாதாம். பள்ளிக் கதவைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. ஆயாம்மா அவளை ஊமைக்கோட்டான் என்பாள். நான் அதட்டுவேன். எனக்கு அவள் குட்டி. வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள், காதோரம் வெட்டிய முடி, எதையும் இரண்டு கையாலும் பிடிப்பாள்.

அவள் அம்மா மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். மாலையில் கடைக் கோட்டோடு ஓட்டமும் நடையுமாக வருவாள். தினமும் ஒரே கேள்விதான். அதுவும் வாயால் கேட்க மாட்டாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு புருவத்தை உயர்த்துவாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவள் சிரித்துவிட்டு, "பரவால்ல மிஸ், நாளைக்கு" என்பாள். ஏழு மாதமாக இது நடந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் பெரிய பள்ளியில் நேர்காணல். அங்கே பெயரைக் கேட்டால் பெயரையாவது சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளையை அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

பேசாத பிள்ளைக்கு என்னிடம் ஒரு வைத்தியம் உண்டு. கேள்வி கேட்க மாட்டேன். எதிரே உட்கார்ந்து தப்புத் தப்பாக வேலை செய்வேன். பொம்மைக்குச் சட்டையைக் காலில் மாட்டுவேன். ஒன்று, இரண்டு, நாலு என்று எண்ணுவேன். வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதில் மணல் அள்ளிப் போட்டு, ஏன் நிறையவில்லை என்று முகத்தைச் சுளிப்பேன். எந்தப் பிள்ளையாலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பெரியவர்களின் தப்பைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு இருக்கிற ஆசை மிட்டாயில்கூடக் கிடையாது. எத்தனையோ ஊமைக்கோட்டான்களை நான் இப்படித்தான் வாய் திறக்க வைத்திருக்கிறேன். குட்டி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கண்ணில் சிரிப்பு வரும், வாய் திறக்காது. ஆனால் முதல் மாதம் சுவரோரம் இருந்தவள், ஏழாம் மாதம் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். இந்த நேரத்தில் வகுப்பு கை மாறினால் அவள் மறுபடியும் சுவருக்குப் போய்விடுவாள். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். என் வகுப்பும் வேண்டும், அவளும் வேண்டும்.

பயிற்சி சனிக்கிழமைகளில். ஒரு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஜன்னல் திறக்காத ஹால், இருபத்தாறு பெண்கள், பிளாஸ்டிக் நாற்காலி. நடத்த வந்தவளுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சரியான பதில் சொன்னால் நம் சட்டையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவாள். 'ஸ்டிக்கர்' என்ற பெயரே அவளுக்கு நிலைத்தது. நான் வைத்ததுதான்.

முதல் நாள், எல்லோரும் வட்டமாக நின்று, தங்களை ஒரு மிருகமாகச் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டுமாம். மான் என்றார்கள், முயல் என்றார்கள், ஒருத்தி பட்டாம்பூச்சி என்றாள். என் முறை வந்தது.

"நான் கழுதை. பத்தொன்பது வருஷமா சுமக்கறேன்."

ஹாலே சிரித்தது. ஸ்டிக்கரும் சிரித்தாள், ஆனால் எனக்கு நட்சத்திரம் ஒட்டவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி அன்றிலிருந்து என் கூட்டாளி. வேறொரு பள்ளியில் பதினாலு வருடம் வேலை பார்த்தவள், என்னைப் போலவே எரிச்சலில் வந்தவள். ஸ்டிக்கர் ஒரு வாக்கியம் சொன்னால் நாங்கள் இரண்டு வாக்கியம் குசுகுசுவென்று பேசுவோம். குழந்தையின் கண் உயரத்துக்குக் குனிய வேண்டும் என்று அவள் படம் போட்டுக் காட்டினாள். "என் முட்டிய வந்து பார்க்கச் சொல்லு, குனிஞ்சு குனிஞ்சுதான் போச்சு" என்றேன். வகுப்பில் பேசும் பிள்ளைகளை என்ன பாடு படுத்தியிருப்போம் நாங்கள். அதே வேலையைக் கூச்சமில்லாமல் செய்தோம்.

மூன்றாவது சனிக்கிழமை, மதிப்பீடு எப்படி நடக்கும் என்று சொன்னாள். அதற்குப் பெயர் 'குறுக்கிடாமல் கவனித்தல்'. வகுப்பில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரை மணி நேரம் அந்தக் குழந்தையை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். கண் பார்த்ததும் காது கேட்டதும் மட்டும். சோகமாக இருந்தாள், சந்தோஷமாக இருந்தாள் என்றெல்லாம் எழுதக் கூடாது. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, உதவக் கூடாது. அவள் பின்னால் உட்கார்ந்து நம்மைக் கவனிப்பாள்.

"குழந்தை கீழ விழுந்தா?" என்று கூட்டாளி என் காதில் கேட்டாள்.

"பத்து பத்து, குழந்தை விழுந்தது. பத்து பன்னெண்டு, ரத்தம் வருது. பத்து பதினாலு, இன்னும் வருது."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னாலும்தான். இரண்டு பேரும் நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருந்தோம். ஸ்டிக்கர் எங்களை ஒரு தடவை பார்த்தாள், பிறகு கையிலிருந்த தாளைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தில் எதையோ காட்டிப் பேசிக்கொண்டே போனாள். என் காதில் விழவில்லை. அந்தத் தாளை நான் மடித்துப் பையில் போட்டேன். முதல் பக்கத்தைத்தான் பிறகு மனப்பாடம் செய்தேன்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாயந்திரம் வந்து சாப்பிட உட்கார்ந்தவருக்கு எதிரே அமர்ந்து எழுத ஆரம்பித்தேன். ஏழு பத்து, சாப்பிடுகிறார். ஏழு பன்னிரண்டு, சாப்பிடுகிறார். ஏழு பதினாலு, ரிமோட்டைத் தேடுகிறார்.

"என்ன எழுதற?"

நான் பதில் சொல்லவில்லை. எழுதினேன்.

"ஏய், உன்னத்தான். உப்பு எங்க?"

ஏழு பதினாறு, உப்புக் கேட்கிறார்.

"அம்மா பேசக் கூடாதுப்பா, ட்ரெயினிங்" என்றாள் மகள்.

"அப்படியா? இத ஏன் இருபது வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கல?"

மகள்தான் என் பாடங்களைக் கணினியில் அடித்துத் தருவாள். "அம்மா, 'பேய் மாதிரி ஓடினான்'னு எல்லாம் எழுதாத. 'ஓடினான்', அவ்ளோதான்" என்பாள். நாலு நாள் ஒத்திகையில் நான் தேறிவிட்டேன். யார் என்ன கேட்டாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதப் பழகிவிட்டேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, மறைப்பானேன்.

எந்தக் குழந்தையை எடுப்பது என்று யோசித்தேன். குரங்குச் சேட்டை செய்பவனை எடுத்தால் இரண்டு நிமிடத்தில் இருபது வரி எழுத வேண்டும். வாயாடியை எடுத்தால் அவள் பேசுவதை எழுதியே கை ஒடிந்துவிடும். குட்டியை எடுத்தால்? ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள், ஒரு சொல் பேச மாட்டாள், பதினைந்து வரியும் சுலபமாக முடியும். இதற்காகத்தான் அவளை எடுத்தேன். வேறு எந்த நல்ல காரணமும் இல்லை. படிவத்தில் தேர்வுக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'தனிக் கவனம் தேவைப்படும் குழந்தை' என்று எழுதி வைத்தேன். இத்தனை மாதமாக யாருடைய வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று தவம் கிடந்தேனோ, அவளை அன்றைக்குப் பேசாதவள் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தேன். எழுதும்போதே எனக்கு உறுத்தியது. உறுத்தினால் என்ன, எழுதினேன்.

மதிப்பீட்டு நாள் காலையில் எனக்குக் கை கால் ஓடவில்லை. வகுப்பில் மாட்டும் பருத்திக் கோட்டை அவசரமாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். ஆயாம்மாவிடம் மற்றப் பிள்ளைகளை மணல்தொட்டிப் பக்கமும் படம் வரையும் மேசையிலும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன். ஸ்டிக்கர் வந்தாள். பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் எனக்குப் பின்னால் அமர்ந்து, தன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் குட்டியின் மேசைக்கு நாலடி தள்ளி உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம்.

பத்து மணி, குழந்தை மரக்கட்டைகளோடு அமர்ந்திருக்கிறாள். பத்து இரண்டு, கட்டை அடுக்குகிறாள். பத்து நாலு, அடுக்குகிறாள். ஆறாவது கட்டை விழுகிறது. பத்து ஆறு, விழுந்ததை எடுக்கிறாள். பேனா வெண்ணெயில் போவது போலப் போனது. ஸ்டிக்கரின் பேனாவும் பின்னால் கீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமே எனக்கு நல்ல சகுனமாக இருந்தது. வகுப்பு என் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பத்து பன்னிரண்டில் குட்டி கட்டைகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, நெஞ்சை. பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்தாள். நடந்து வந்தாள். என் முழங்காலை ஒட்டி நின்று, கோட்டின் நடுவில் ஒரு விரலை வைத்தாள்.

"பட்டன் தப்பு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். காலை அவசரத்தில் மேல் பட்டனை இரண்டாவது துளையில் மாட்டியிருக்கிறேன். கோட்டு முழுக்க ஒரு படி இறங்கி, கழுத்தருகே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இது நான் வேண்டுமென்று செய்த தப்பு இல்லை. இத்தனை மாதமாக நான் போட்ட நாடகத்துக்கெல்லாம் மசியாத பிள்ளை, நிஜமாக ஒரு தப்பைப் பார்த்ததும் என்னைக் காப்பாற்ற எழுந்து வந்திருக்கிறாள்.

அந்தக் குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கண் கலங்கியது. எல்லாம் உண்மை. ஆனால் கை எழுதியது.

10.14: குழந்தை கவனிப்பாளரிடம் வருகிறாள். கோட்டைத் தொடுகிறாள். "பட்டன் தப்பு" என்கிறாள்.

அவள் காத்திருந்தாள். என் முகத்தில் ஏதாவது வரும் என்று பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். கணவரை வைத்துப் பழகியதல்லவா. வாயைத் திறந்தால் பின்னால் இருப்பவள் ஒரு கோடு போடுவாள், ஒரு கோட்டில் என் வகுப்பு போய்விடும், வகுப்பு போனால் இந்தப் பிள்ளையும் போய்விடும். மூளை அப்படி ஒரு கணக்குப் போட்டது. எதிரே நிற்கிற பிள்ளையை விட்டுவிடக் கூடாது என்பதற்காக எதிரே நிற்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்களைப் போன்ற டீச்சர்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது.

10.16: குழந்தை நிற்கிறாள். கவனிப்பாளரின் முகத்தைப் பார்க்கிறாள்.

10.18: குழந்தை நிற்கிறாள். "மிஸ்" என்கிறாள்.

10.20: குழந்தை தன் இடத்துக்குத் திரும்புகிறாள்.

மீதி வரிகளை எப்படி எழுதினேன் என்று தெரியாது. கையெழுத்து மட்டும் கடைசி வரை அழகாகவே இருந்தது.

அரை மணி முடிந்ததும் ஸ்டிக்கர் என் தாளை வாங்கிப் படித்தாள். "ரொம்ப சுத்தமா இருக்கு மேடம். ஒரு வரியில கூட உங்க சொந்தக் கருத்து இல்ல. இவ்ளோ நல்ல பதிவ நான் பார்த்ததில்ல" என்றாள். முப்பதுக்கு முப்பது போட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒன்னு மட்டும். குழந்தை பக்கத்துல வந்து பேசிச்சுல்ல, அப்ப நீங்க பேனாவ வச்சிட்டுப் பேசியிருக்கலாம்."

"பேசக் கூடாதுன்னுதானே..."

"குழந்தை தானா வந்து பேசினா நிறுத்திட்டுப் பதில் சொல்லணும், நேரத்த மட்டும் குறிச்சுக்கணும். ரெண்டாம் பக்கத்துல முதல் வரியே அதுதான். அன்னைக்கு கிளாஸ்ல ரெண்டு தடவை சொன்னேனே. மார்க் குறைக்கல, பரவால்ல. நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்டா செய்யணும்னு நினைக்கிறீங்கன்னு விட்டுட்டேன்."

அவள் மேல் கோபப்படக் காரணம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. போகும்போது என் கோட்டில் ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டுப் போனாள், அந்தத் தப்பான பட்டனுக்கு மேலேயே.

ஓடிப் போய்க் குட்டியின் முன்னால் மண்டியிட்டேன். "ஆமாடா கண்ணு, பட்டன் தப்புதான். நீ சொன்னது சரி. மிஸ்க்கு நீயே போட்டுவிடறியா?" என்றேன். அவள் கட்டைகளைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும். கடைசிக் கட்டையை வைத்து மூடியையும் மூடினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது பேசிச்சா? எனக்குக் கேக்கலையே" என்றாள் ஆயாம்மா. மணல்தொட்டிப் பக்கம் இருந்த கூச்சலில் அவளுக்கு எப்படிக் கேட்கும்.

மாலையில் அவள் அம்மா வந்தாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு புருவத்தை உயர்த்தினாள்.

சொல்லியிருக்கலாம். பேசினாள், இரண்டு சொல் பேசினாள், நான்தான் பதில் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்வது? நாளைக்கு அவள் மறுபடி பேசுவாள், நான் ஒழுங்காகப் பதில் சொல்வேன், அதன் பிறகு முழு நல்ல சேதியாகவே சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லை என்று தலையாட்டினேன்.

"பரவால்ல மிஸ், நாளைக்கு" என்று அவள் சிரித்தாள். குட்டி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோட்டை வேண்டுமென்றே தப்பாக மாட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் எல்லாம் "மிஸ், பட்டன் தப்பு, பட்டன் தப்பு" என்று குதித்தார்கள். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளும் செய்தேன். நாலாம் நாள், அவள் உட்கார்ந்திருந்த இடம் என் முழங்காலிலிருந்து தள்ளிப் போயிருந்தது. அடுத்த வாரம் சுவருக்கே போய்விட்டாள். நாடகம் எது, நிஜம் எது என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சர்டிபிகேட் வந்தது. பெரிய மிஸ் அதைச் சட்டம் போட்டு வகுப்பு வாசலில் மாட்டினாள். வகுப்பு என்னுடையதாகவே இருந்தது. கணவர் ஒரு பொட்டலம் இனிப்பு வாங்கி வந்தார், மகள் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஊரே வாழ்த்தியது. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. காலையில் கதவருகே நின்று பிள்ளைகளை வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் அது இருக்கும்.

பெரிய பள்ளியின் நேர்காணலில் குட்டி வாய் திறக்கவில்லை. உன் பேர் என்ன என்று மூன்று முறை கேட்டார்களாம். பெயரைக் கேட்டதற்கு ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அடுத்த வருடம் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா, தன் அக்கா வீட்டுப் பக்கம் பேசாத பிள்ளைகளுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது, அங்கே சேர்க்கப் போகிறேன் என்றாள். போகிற பிள்ளைக்குக் கோப்பு ஒன்றைக் கொடுத்தனுப்புவது வழக்கம். வருடம் முழுக்க வரைந்த படங்கள், எடை, உயரம், நாங்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பள்ளியின் பெருமை என்று பெரிய மிஸ், ஸ்டிக்கரின் முத்திரையோடு இருந்த என் கவனிப்புத் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு முதல் பக்கமாக வைத்திருந்தாள்.

அதை உருவி எடுத்திருக்கலாம். முந்தின நாள் கோப்பு என் மேசையில்தான் இருந்தது. இரண்டு தடவை உறைக்குள் விரலை விட்டேன். முப்பதுக்கு முப்பது வாங்கிய தாள். என் வாழ்க்கையில் எதிலும் முழு மதிப்பெண் வாங்கியவள் இல்லை நான். கிழிக்க மனசு வரவில்லை. அதோடு, கடையில் நின்று கால் வலியோடு வருகிற பெண் இதையெல்லாமா படிக்கப் போகிறாள் என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் அவள் தனியாக வந்தாள். பிள்ளைகள் இல்லாத வகுப்பு. நாங்கள் இருவரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். கோப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் தாளை நீட்டினேன். அவள் கையெழுத்துப் போடவில்லை. முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். மருந்துச் சீட்டு படித்துப் பழகியவள், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் பாதியில் நின்றது.

"இது எங்க பொண்ணா மிஸ்?"

"ஆமா."

"பேசியிருக்கா."

அவள் விரல் கீழே இறங்கியது.

"பத்து பதினாலுல வந்திருக்கா. பத்து இருபதுலதான் திரும்பிப் போயிருக்கா. ஆறு நிமிஷம் நின்னிருக்கா." தலையைத் தூக்கினாள். "நீங்க என்ன சொன்னீங்க மிஸ்? அத எழுதலையே."

"ஒன்னும் சொல்லல. பரீட்சை அது. பேசக் கூடாதுன்னு நினைச்சேன்."

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தாளின் மேல் மூலையிலிருந்த தேதியைப் பார்த்தாள்.

"இந்தத் தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு பஸ்ல வரும்போதே என் கையப் பிடிச்சு இழுத்து இழுத்துச் சொன்னா. அம்மா, நான் இன்னைக்கு மிஸ்கிட்ட பேசினேன், மிஸ் பட்டன் தப்பாப் போட்டிருந்தாங்க, நான்தான் சொன்னேன்னு. எனக்கு எவ்ளோ ஆத்திரம் தெரியுமா மிஸ். இப்பத்தானே உங்ககிட்ட கேட்டேன், நீங்க இல்லன்னீங்க. பேசறதும் இல்ல, பேசினேன்னு பொய் வேற சொல்றியாடின்னு கேட்டேன். இல்லம்மா, நிஜமா பேசினேன், நிஜமான்னு திரும்பத் திரும்பச் சொன்னா. பஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க. வாய்லயே ஒன்னு வச்சேன்."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் வீட்லயும் பேச்சு குறைஞ்சு போச்சு. தண்ணி வேணும்னா டம்ளரக் கொண்டுவந்து நீட்டறா. சின்னப் புள்ள, மறந்துடுவான்னு நினைச்சேன்."

ஜன்னலுக்கு வெளியே ஆயாம்மா மணல்தொட்டியை மூடும் தகரச் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று மட்டும் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சொல்லுங்க மிஸ்" என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை.